புட்டுக்கம்பும் புட்வாலும்

எங்கள் வீட்டுப் பின்விறாந்தை மூலையில் ஒரு தண்ணி மெஷின் கிடக்கிறது. அதற்கு மேல் ஒரு பழைய படங்கு. படங்குக்கு மேல் மனைவி செத்தல் மிளகாய் காயவைக்கிற சுளகு. மெஷினை 2022 ஒக்டோபரில் வாங்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை அது எனக்காக ஓடிய நேரத்தைப் போன கிழமை கூட்டிப் பார்த்தேன்: பதினொரு மணித்தியாலமும் மூன்று நிமிடமும். அந்த மூன்று நிமிடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதன் கயிற்றை இழுத்து இழுத்து என் தோள்மூட்டு நொந்த நேரத்தையும் கூட்டலாம் என்றுதான் இருந்தேன். "வேற வேலையில்லாட்டி நாலு தேங்காயாவது உரிங்களன்" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்ததால் கணக்கு அங்கேயே நின்றுவிட்டது.

நான் முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருகிற ஒவ்வொரு கேவலத்தையும் இந்தத் தகுதியோடு சேர்த்து வாசித்தால்தான் முழு ருசியும் தெரியும்.

மெஷின் ஆசை எனக்கு ஊரில் பிடித்ததில்லை. கனடாவில் தொற்றியது. 2021இல் ஓய்வு பெற்று, அந்த நவம்பரில் கொரோனா ஊசி அட்டையும் கையுமாக ஸ்காபரோவிலுள்ள தங்கச்சி வீட்டுக்குப் போனேன். போய் ஒரு கிழமைதான் இருக்கும், மச்சான் பனி தள்ளுகிற மெஷின் வாங்கக் கடைக்குப் புறப்பட்டார். பன்னிரண்டு குளிர்காலம் சவளால் அள்ளி அள்ளி மனுசனுக்கு நாரி பிடித்திருந்தது. "மச்சான், நீங்க சயன்ஸ் மாஸ்டர்தானே, வந்து பாத்துச் சொல்லுங்களன்" என்றார். மரியாதைக்குச் சொன்னதை நான் நியமனக் கடிதமாக எடுத்துக்கொண்டேன்.

கடையில் இரண்டு சாதி மெஷின் இருந்தது. ஒன்றில் முன்னாலிருக்கிற ரப்பர் அலகு தரையை உரசிக்கொண்டு பனியை வாரி, அதே வீச்சில் குழல் வழியாக எறிந்துவிடும். இலேசானது, ஒரு கையால் தூக்கி மூலையில் சாத்தலாம். மற்றது இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முன்னால் இரும்புத் திருகு பனியை நடுவுக்கு இழுத்து வரும்; பின்னால் வேகமாகச் சுழல்கிற விசிறி அதைப் பிடித்துத் தூர வீசும். சில்லையும் எஞ்சினே உருட்டும். மாடு மாதிரிப் பாரம், விலையும் மாட்டு விலை. பற்றரியில் ஓடுகிறதும் ஒன்று நின்றது. அதன் விலைத் துண்டைக் கண்டதும் நானும் மச்சானும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தோம்.

நான் ஒரு பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கார் நிறுத்துகிற பாதை 5 மீற்றர் அகலம், 12 மீற்றர் நீளம், ஆக 60 சதுர மீற்றர். 20 சென்ரிமீற்றர் பனி விழுந்தால் 12 கன மீற்றர். புதுப்பனி கன மீற்றருக்கு 100 கிலோ மட்டில்தான் வரும். மொத்தம் 1,200 கிலோ. சின்ன மெஷின் போதும்.

மச்சான் தயங்கினார். "ரோட்டுப் பனி தள்ளுற லொறி வந்து எங்கட வாசல்ல குமிச்சுப்போட்டுப் போகும் மச்சான், அதையும் யோசிங்க." நான் 'சராசரி' என்ற சொல்லை எடுத்து விட்டேன். சராசரி என்று ஒருதரம் சொன்னால் எதிரில் நிற்பவர் வாயை மூடிவிடுவார் என்பது என் தொழில் அனுபவம். மூடினார். சின்ன மெஷின் வாங்கினோம்.

பனி சராசரியாக விழுவதில்லை என்பதை 2022 ஜனவரி 17, திங்கட்கிழமை கற்றுக்கொண்டேன். ரொறன்ரோவின் சில இடங்களில் அரை மீற்றர் அளவுக்குக் கொட்டியது. டொன் வலி பார்க்வே, கார்டினர் என்ற இரண்டு பெருந்தெருவையும் மூடினார்கள். மச்சான் இராவேலைக்குப் போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் ஆம்பிளை என்று நானும், ஒன்பது வயதில் தங்கச்சி மகனும். மச்சானின் சாக்கட்டையும் எனது குரங்குத் தொப்பியையும் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

கயிற்றை இழுத்தேன். சத்தமில்லை. சோக்கைத் திருப்பி இழுத்தேன். சோக்கைத் திரும்ப மாற்றி இழுத்தேன். பதினான்காவது இழுவையில் மருமகன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "மாமா, சிவப்புத் திறப்பு போடல்லயே" என்றான். அந்த மெஷினில் பிளாஸ்ரிக்கில் ஒரு சிவப்புத் திறப்பு உண்டு. அது உள்ளே இல்லாவிட்டால் நீங்கள் கயிறு அறும் வரைக்கும் இழுக்கலாம்.

எஞ்சின் பிடித்தது. முதல் பத்து நிமிடம் நான் சின்னப்பிள்ளையாகிப் போனேன். வெள்ளைப் பொடி வில்லாக வளைந்து பறக்கிறது. பின்னால் கறுப்புத் தார் தெரிகிறது. நான் நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பிறகு பக்கம் திரும்பினேன். வீசின பனி அப்படியே காற்றோடு திரும்பி வந்து என் மூக்குக்கண்ணாடியை மூடியது. வாடைக்காற்றுக்கு முகம் கொடுத்துத் துப்பக்கூடாது என்பது எங்கள் ஊர்க் கடற்கரையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம்.

கொஞ்ச நேரத்தில் குழல் அடைத்தது. ஈரப்பனி உள்ளே இறுகி நின்றது. கையை மட்டும் உள்ளே விடக்கூடாது, எஞ்சின் நின்றிருந்தாலும் அலகு முறுக்கத்தில் நிற்கும், அடைப்பு எடுபட்டதும் ஒருதரம் சுண்டிவிடும் என்று புத்தகத்தில் படம் போட்டிருந்தது. அதை வாசித்திருந்தேன். அடைப்பெடுக்க மெஷினோடு ஒரு பிளாஸ்ரிக் அகப்பை தருவார்கள் என்பதையும் வாசித்திருந்தேன். ஆனால் மெஷின் வந்த அன்று அதை மருமகனின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து அவனுடைய பெட்டிக்குள் போட்டது நானேதான் என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

குசினிக்குள் போய்ப் பார்த்தேன். குழல்புட்டைத் தள்ளி எடுக்கிற கம்பு கண்ணில் பட்டது. எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கம்பைக் குழலுக்குள் விட்டுத் தள்ளினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சாண் நீளத்தில் உருண்டையாக, வெள்ளையாக, தேங்காய்ப்பூ இல்லாத ஒரு புட்டு வெளியே வந்து விழுந்தது. இரண்டாவதும் வந்தது. அழகைப் பார்த்து நிற்கிறபோது தங்கச்சி வாசலில்.

"அண்ணே! அது அம்மா தந்துவிட்ட கம்பு!"

அம்மா ஆரையம்பதியிலிருந்து அனுப்பிய கம்பு. எந்த மரத்தில் செய்தது, யார் சீவினது என்று தங்கச்சி கதவடியில் நின்று சொல்லச் சொல்ல நான் தலைகுனிந்து கேட்டேன். அன்று பின்னேரம் அந்தக் கம்பு மூன்று தரம் சுடுதண்ணியில் குளித்தது.

இனித்தான் வாசல் குவியல். லொறி தள்ளிவிட்டுப் போன பனி என் இடுப்புக்குக் கிட்ட நின்றது. அது புதுப்பனி இல்லை. நசுங்கி, உப்புத் தண்ணியில் ஊறி, கட்டிபட்ட பனி. கன மீற்றருக்கு 400, 500 கிலோ வரும். என் பில் கணக்கில் அதற்கு இடமே இருக்கவில்லை. சின்ன மெஷினைக் கொண்டுபோய் முட்டினேன். அது குவியலைத் தின்னாமல், ஆட்டுக்குட்டி மாதிரி அதன் மேல் ஏறி நின்றது.

பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். தன்னுடைய இரண்டு கட்ட மெஷினை உருட்டிக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் கைப்பிடியை என்னிடம் தந்தார். இரவல் மெஷினை எவ்வளவு கவனமாகப் பிடிக்க வேண்டும்? நான் கவனமாகப் போய், குவியலுக்குள் உறைந்துகிடந்த பத்திரிகைக் கட்டு ஒன்றை நேர்நடுவில் கவ்வக் கொடுத்தேன். டக் என்றொரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது, திருகின் ஒரு பக்கம் மட்டும் செத்துப்போய் நிற்கிறது.

உள்ளே ஒரு சின்ன ஆணி முறிந்திருந்தது. கிழவர் வீட்டுக்குள் போன நேரம் பார்த்து, மச்சானின் ஆயுதப் பெட்டியைக் கிண்டி, அதே மொத்தத்தில் ஒரு உருக்கு ஆணி எடுத்து மாட்டி முறுக்கிவிட்டேன். இந்த ஆணி இனி முறியாது என்று பெருமையாகவும் இருந்தது. கிழவர் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். என் ஆணியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினார். தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மென்மையான ஆணியை எடுத்து இடக்கையில் வைத்தார்; என்னுடையதை வலக்கையில் வைத்தார். மென்மையானதைக் காட்டி, முறிக்கிற மாதிரிச் செய்து, ஒரு விரலை நீட்டினார்: ஒரு டொலர். பிறகு என்னுடையதைக் காட்டி, திருகின் நடுவிலுள்ள கியர்ப் பெட்டியைக் காட்டி, காசுத்தாள் எண்ணுகிற மாதிரி எண்ணிக்கொண்டே நின்றார். எண்ணி முடியவேயில்லை.

முறியத்தான் அந்த ஆணியைச் செய்திருக்கிறார்கள். கல்லோ கட்டையோ மாட்டினால் அது தான் முறிந்து கியரைக் காப்பாற்றும். மின்சாரத்துக்கு உருகி எதற்கு என்று வருடாவருடம் கேள்வி போட்டு மார்க் கொடுத்த கை இது.

அடுத்த நாள் வந்த மச்சான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிடும்போது வேறு கதை சொன்னார். 1999 ஜனவரியில் பனி தாங்காமல் ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் ஆமியைக் கூப்பிட்டாராம். கனடாவின் மற்ற ஊர்க்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1999இல் மட்டக்களப்பில் ஆமி வந்தது என்றால் சவளோடு வந்திருக்கும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

அங்கே இருந்த மிச்ச நாட்களில் இந்த மெஷின்களைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார் என்பவர் 1925இல் முதன்முதல் இதைச் செய்து, 1927இல் மொன்றியலை அடுத்த ஊட்றமோன் நகரத்துக்கு விற்றார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கதிரடிக்கிற மெஷினைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. சூடடிக்கிற களத்தில் வைக்கோல் பறப்பதைப் பார்த்து வளர்ந்த எங்கள் மட்டக்களப்புப் படுவான்கரைப் பொடியன் ஒருவனுக்கும் இது தோன்றியிருக்கலாம், பனிதான் இல்லை என்று மச்சானிடம் சொன்னேன். "ஓம் மச்சான்" என்றார். அந்த ஓமில் சின்ன மெஷினின் விலை முழுக்கக் கிடந்தது.

ஏப்ரலில் நான் புறப்படுகிறதுக்கு முதல் மச்சான் மெஷினைக் கோடைக்குப் பூட்டி வைத்தார். பக்கத்தில் நின்று கொப்பியில் எழுதினேன். பெற்றோலை முழுக்க வடிக்க வேணும். கார்பரேட்டரில் உள்ளது காய்கிறவரைக்கும் ஓடவிட வேணும். சுடச்சுட ஒயில் மாற்ற வேணும். பிளக்கைக் கழற்றித் துடைக்க வேணும். இந்த மெஷின்கள் பழுதாவது பனியில் இல்லையாம், சும்மா கிடக்கிற எட்டு மாதத்தில்தானாம். அதற்கு இரண்டு கோடு கீறினேன். கொப்பியைப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்தேன்.

கட்டுநாயக்காவில் இறங்கினால் நாட்டில் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கரண்டும் முறை வைத்துத்தான். ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. பிறகு கியூஆர் பங்கீடு வந்தது. மோட்டர்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நான் சைக்கிளில் திரிந்துகொண்டு, என் நாலு லீற்றரைத் தவறாமல் அடித்து, வீட்டுக்கு வந்து டாங்கியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சிக் கானில் சேர்த்தேன். முதல் நாள் கால் கோப்பை பெற்றோல் வயிற்றுக்குள் போனது. இறைகுழாயின் தத்துவத்தை நான் கரும்பலகையில்தான் விளக்கியிருக்கிறேன், வாயால் செய்து காட்டினதில்லை. மூன்று நாள் வந்த ஏப்பத்துக்குப் பக்கத்தில் விளக்குக் கொளுத்த மனைவி பயந்தாள்.

இவ்வளவு பெற்றோல் எதற்கு? தண்ணி மெஷினுக்கு.

ஆரையம்பதிக்குப் பழைய பெயர் ஆரைப்பற்றை. ஆரை என்பது நாலு இலையோடு ஈரத்தில் படர்கிற கீரை. பெயர் வைத்த முன்னோர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி (நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்), நடுவில் ஒரு மணல் துண்டு. அதற்குள் எங்கள் வீடு. ஒழுங்கைக்குக் கொங்கிறீற்று போட்டபோது அது ஒரு அடி உயர்ந்தது. வளவுகள் எல்லாம் தாம்பாளமாகிப் போயின. மாரி வந்தால் ஒழுங்கைத் தண்ணியும் சேர்ந்து வளவுக்குள் இறங்கும். ஸ்காபரோவில் அரை மீற்றர் பனியைத் தள்ளின கைக்கு ஒரு சாண் தண்ணி என்ன என்று எனக்குள் ஒரு வீராப்பு.

மட்டக்களப்பு ரவுனில் கடைக்குப் போனேன். படுவான்கரை வெள்ளாமைக்காரர் பெரும்பாலும் மண்ணெண்ணெய் மெஷின்தான் வைத்திருப்பார்கள்; பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாகப் பாய்ந்திருந்தது. அதனால் பெற்றோல் மெஷினே போதும் என்று முடிவு செய்தேன். 2 அங்குலமா 3 அங்குலமா? திரும்பவும் பில், திரும்பவும் பின்பக்கம். எங்கள் வளவு 20 பேர்ச், 506 சதுர மீற்றர். 20 சென்ரிமீற்றர் தண்ணி நின்றால் ஒரு இலட்சம் லீற்றர். 2 அங்குல மெஷின் நிமிடத்துக்கு 600 லீற்றர் தள்ளும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. இரண்டே முக்கால் மணித்தியாலம். காலையில் தொடங்கினால் பத்து மணித் தேத்தண்ணிக்கு வளவு காய்ந்துவிடும்.

கடைக்காரர் யப்பான் மெஷினைக் காட்டினார். அதே நிறத்தில், பெயரில் ஓரெழுத்து மட்டும் வித்தியாசமாக, பாதி விலைக்கு ஒன்றையும் காட்டினார். எதை வாங்கினேன் என்று எழுதத் தேவையில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி, மனைவிக்குக் காட்டி, அணைத்து, டாங்கி நிறையச் சேமிப்புப் பெற்றோலோடு படங்கால் மூடினேன். அந்த மாரி வளவுக்குள் தண்ணி நிற்கவில்லை. 2024 ஜனவரி வெள்ளத்துக்கு நான் கொழும்பில் மகள் வீட்டில். மெஷின் இரண்டு வருடம் அப்படியே கிடந்தது.

2024 நவம்பர் கடைசிக் கிழமை வானம் பொத்துக்கொண்டது. 27ஆம் திகதியிலிருந்து உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்தினார்கள். எங்கள் வளவில் படிக்கட்டு இரண்டு தாண்டுவிட்டது. நான் படங்கை விலக்கினேன். இழுத்தேன். இழுத்தேன். சிவப்புத் திறப்பு ஏதும் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். இருபது, முப்பது இழுவை. ஒரு இருமல்கூட இல்லை. டாங்கி மூடியைத் திறந்து மணந்தேன். பெற்றோல் மணம் போய், பழைய வார்னிசு மணம் வந்தது.

முப்பத்து மூன்று வருடம் ஒரே ஊர்ப்பக்கம் படிப்பித்தவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. வங்கியோ, ஆசுப்பத்திரியோ, கராஜோ, எங்கே போனாலும் ஒரு பழைய மாணவன் முன்னால்தான் போய் நிற்க வேணும். கராஜ் பொடியன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணிக்குள்ளால் வந்தான். மெஷினைப் படிக்கட்டின் மேல் வைத்து, பத்து நிமிடத்தில் கார்பரேட்டரைக் கழற்றினான். அடியிலிருந்த சின்னக் கிண்ணத்தைச் சரித்துக் காட்டினான். உள்ளே தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஒரு பசை, விளிம்பில் கருவேல் பிசின்போலக் காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவிலே பித்தளையில் ஒரு நுணுக்கான திருகாணி. அதன் ஓட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்தான். "வெளிச்சம் தெரியுதா சேர்?" தெரியவில்லை. ஊசி நுழையாத அந்த ஓட்டையால்தான் முழு எஞ்சினும் பெற்றோல் குடிக்கிறது. கம்பி விட்டுக் கிண்டினால் ஓட்டை பெருத்துவிடும் என்று ஒரு செப்பு மயிரை வயரிலிருந்து உருவி, நனைத்து, மெதுவாக விட்டு எடுத்து, வாயால் ஊதினான். திரும்பவும் பிடித்தான். ஒரு வெள்ளிப் புள்ளி தெரிந்தது.

"இது எப்பத்தப் பெற்றோல் சேர்?"

"கியூஆர் காலத்துப் பெற்றோல் மனே."

அவன் சிரிக்கவில்லை. நல்ல வளர்ப்பு.

புதுப் பெற்றோல் ஊற்றி இரண்டாவது இழுவையில் எஞ்சின் பிடித்தது. ஆனால் தண்ணி வரவில்லை. உறிஞ்சு குழாயின் நுனியிலிருந்த புட்வாலைத் தண்ணிக்குள் தாழ்த்தி, மேலே மூடியைத் திறந்து வாளி வாளியாக ஊற்றி நிரப்பினேன். ஆறு வாளி. எஞ்சின் கத்துகிறது, வாய்க்குழாய் வாடிப்போன பாம்பாகக் கிடக்கிறது. நான் புட்வாலைப் பழித்தேன். கடைக்காரரைப் பழித்தேன். அமாவாசை கிட்ட என்றும் ஏதோ சொன்னேன்.

பொடியன் உறிஞ்சு குழாயை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றான். இரண்டு வருடம் ஒரே ஆணியில் மடித்துத் தொங்கவிட்டதில், மடிப்பில் மயிரளவு வெடிப்பு. "இதால காத்து இழுக்குது சேர். தண்ணி வெளிய வந்தாக் காணலாம், காத்து உள்ள போனா யாருக்குத் தெரியும்?" ஒரு துண்டு சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டினான். பிறகு, மிக மரியாதையாக, முகத்தைத் தண்ணிப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான்: "நீங்கதான் சேர் படிப்பிச்சீங்க. மெஷின் தண்ணிய இழுக்கிறல்ல, வளிமண்டல அமுக்கந்தான் தள்ளுது எண்டு."

படிப்பித்தேன். கலிலியோவின் சீடர் டொரிசெல்லி 1640களில் பாதரசக் குழாயோடு செய்து காட்டியதை, 76 சென்ரிமீற்றர் பாதரசம், 10 மீற்றர் தண்ணி என்று வருடாவருடம் சோக்கட்டியால் கீறினேன். காற்றுப் புகாத குழாய் என்று அடிக்கோடும் இட்டேன். அவனுக்கு அந்த வருடம் என்ன மார்க் போட்டேன் என்று அவன் கேட்கவில்லை; நானும் ஞாபகப்படுத்தவில்லை.

தண்ணி வந்தது. வாய்க்குழாய் உப்பி, துள்ளி, ஒழுங்கையில் கொட்டியது. அரை மணித்தியாலத்தில் நின்றது. ஜாம் மரத்து இலையும் பன்னாடையும் புட்வாலை மூடியிருந்தன. ஒவ்வொரு அரை மணிக்கும் நான் குனிந்து பிடுங்கினேன். மூன்றாம் தரம் குனிந்தபோது மனைவி அரிசி வடிக்கிற பிளாஸ்ரிக் வடியைக் கொண்டுவந்து புட்வாலுக்குத் தொப்பி மாதிரிப் போட்டுக் கயிற்றால் கட்டினாள். அதற்குப் பிறகு அடைக்கவில்லை. என் வாழ்க்கையில் எந்த மெஷினையும் கடைசியில் காப்பாற்றுவது குசினிச் சாமான்தான் போல.

பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த மர அடிமட்டத்தை முருங்கையில் கட்டி அளவு பார்த்தேன். இரண்டே முக்கால் மணித்தியாலம் போனது. 2 சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது. ஏழு மணித்தியாலம் போனது. அப்போதும் 3 தான். எஞ்சினுக்கு ஓய்வு கொடுத்துத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் அந்த மூன்றும் திரும்பி ஏறியிருந்தது.

"இஞ்ச பாருங்க, தண்ணி எறங்கலியே" என்றாள் மனைவி.

நான் வளவை ஒரு தொட்டியாக எண்ணிக் கணக்குப் போட்டிருந்தேன். வளவுக்கு அடி இல்லை. மணல், அதற்குக் கீழே நிலத்தடித் தண்ணி மேல்வரைக்கும் ஏறி நிற்கிறது, அது வாவியோடு ஒட்டி நிற்கிறது. நான் இறைத்தது ஒழுங்கையில் விழுந்து, ஓரத்து மணலுக்குள் இறங்கி, மதிலுக்குக் கீழால் என்னிடமே வந்துகொண்டிருந்தது. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளமான ஒரு வாவியை இரண்டு அங்குலக் குழாயால் வற்றவைக்கப் பார்த்திருக்கிறேன். அதற்கு வழி பாலமீன்மடுப் பக்கத்திலும் கல்லாற்றுப் பக்கத்திலும் இருக்கிறது. முகத்துவாரம் வாய் திறந்தால் தண்ணி தானாக வடியும். பெருவெள்ளம் வந்தால் வயல்காரர் அதை வெட்டு என்பார்கள், மீன்பிடிக்கிறவர்கள் பொறு என்பார்கள். அந்தப் பெரிய வழக்குக்குள் எனது மெஷினை யாரும் சாட்சிக்குக் கூப்பிடப் போவதில்லை.

மணலுக்குள் இறங்காத மிச்சத் தண்ணி எங்கே போனது என்பது அடுத்த நாள் தெரிந்தது. நாலு மணித்தியாலம் ஓடின பிறகு மூலை வீட்டு மாமி சீலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு படலையடியில் வந்து நின்றா.

"மருமகன், ஒங்கட தண்ணி எங்கட குசினிக்குள்ள வந்திரிக்கி. கூட்டிட்டுப் போங்க."

எஞ்சினை அணைத்தேன். ஸ்காபரோவிலும் இப்படித்தான், நான் வீசின பனியில் பாதி அந்த இத்தாலியக் கிழவரின் பாதையில்தான் போய் விழுந்தது. அவர் மெஷினோடு வந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மாமி வீட்டுக்கு மண்வெட்டியோடு போய் வாசலில் வரம்பு கட்டிக் கொடுத்தேன். பின்னேரம் வரைக்கும் எடுத்தது. மாமி தந்த தேத்தண்ணியில் சீனி போடவில்லை. அது கோபமா, சீனி வியாதியா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மழை விட்டு, ஒரு கிழமையில் தண்ணி தானாக வடிந்தது. மச்சான் வட்சப்பில் ஒரு படம் அனுப்பினார். புது இரண்டு கட்ட மெஷின், பக்கத்தில் மருமகன், தோளுயரத்துக்கு வளர்ந்துவிட்டான். படத்துக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. வெள்ளம் எப்படி என்று கேட்டதற்கு, மெஷின் நல்லா ஓடினது என்று பதில் போட்டேன். பொய்யில்லை.

பெட்டியைத் துழாவி அந்தக் கொப்பியை எடுத்தேன். இந்தத் தரம் எழுதினபடி செய்வது என்று முடிவு. 2025 சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முதல், வளவு மணல் கால் சுடுகிற வெயிலில், மெஷினைப் படங்கிலிருந்து எடுத்தேன். பழைய பெற்றோலை வடித்தேன். பிளக்கைத் துடைத்தேன். ஓடவிட்டு ஒயிலைச் சூடாக்கி மாற்ற வேணுமே என்று ஒரு கோப்பை புதுப் பெற்றோல் ஊற்றி, கயிற்றைப் பிடித்தேன்.

ஒரே இழுவை.

அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கினது என்றால் நம்புவீர்களோ தெரியாது. மனைவி துவைக்கிற உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இப்ப எதை இறைக்கப் போறீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் ஓடுகிற மெஷினை வெறுமனே ஓடவிட்டால் பம்பின் உள்சீல் கருகிவிடும், தண்ணி காட்டியே ஆக வேணும். புட்வாலைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டேன். ஒரு வாளி ஊற்றி நிரப்பினேன். அடுத்த கணம் வாய்க்குழாய் உயிர் பெற்று, கோடை வளவு முழுக்கத் தண்ணியை வாரி இறைத்தது. வாழை நனைந்தது, மதில் நனைந்தது, காயவைத்த செத்தல் மிளகாய் நனைந்தது. நிமிடத்துக்கு 600 லீற்றர், பெட்டியில் எழுதினது உண்மைதான். எங்கள் கிணறு நாலு அடி அகலம், சித்திரையில் தண்ணி ஓராள் நெஞ்சளவு. மூன்றாவது நிமிடம் எஞ்சினின் சுருதி மாறிற்று, புட்வால் காற்றை உறிஞ்சிக் கொர் என்றது. அவசரமாக அணைத்தேன்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. உடுப்புக் கூடையைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, வாளியைக் கயிற்றோடு உள்ளே இறக்கினாள். கயிறு இறங்கியது, இன்னும் இறங்கியது. அடியில் வாளி மணலில் முட்டுகிற சத்தம் மேலே தெளிவாகக் கேட்டது.